நிறைகுடம் சரிந்த பக்கம்

குடம் நிறைந்தும் இருக்கிறது, குறைந்தும் இருக்கிறது. சுவர்ப்பக்கம் தண்ணீர் விளிம்பில் ஏறி வீங்கி, இப்ப வழியட்டோ பிறகு வழியட்டோ என்று நிற்கிறது. கதவுப்பக்கம் ஒரு நகக்கண் அளவுக்குப் பித்தளை காய்ந்துபோய் மினுங்குகிறது. ஆரபி கதிரையில் இருந்தபடி நாடியை மேசையில் ஊன்றி ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். மற்றக் கண்ணைப் பொத்திப் பார்த்தாள். இரண்டு கண்ணுக்கும் ஒரே கதைதான். நேரம் மூன்று பத்து. மூன்றரைக்கு நகரசபை எஞ்சினியர் வருவார். போன கிழமை அடித்த பெரிய நடுக்கத்துக்குப் பிறகு இந்தத் தெருவில் வீடு வீடாய்ப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், இருக்கலாம் அல்லது இருக்கேலாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கிறார்கள். ஏழாம் நம்பர் வீட்டுக்காரர் தாள் கிடைத்து அரை மணித்தியாலத்தில் மெத்தையைக் காருக்கு மேலே கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தாளுக்காகத்தான் அம்மா இந்தக் குடத்தை வைத்திருக்கிறா. வெடிப்புப் பார்க்க வருகிற இத்தாலிக்காரனுக்கு நிறைகுடம். "அந்தாளுக்கு உது என்னெண்டே தெரியாதம்மா" என்று ஆரபி காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். "அந்தாளுக்குத் தெரியத் தேவையில்லை. வீட்டுக்குத் தெரிஞ்சாக் காணும்" என்றா அம்மா. மாவிலைக்குப் பதில் எலுமிச்சை இலை, ஐந்து. தேங்காய்தான் சண்டை. நேப்பிள்ஸ் கடையில் அப்பா வாங்கி வந்த தேங்காய்க்குக் குடுமி இல்லை, மழித்து மொட்டையாக்கித்தான் விற்கிறார்கள். மொட்டைத் தேங்காயைக் குடத்தில வைக்கமாட்டன் என்று அம்மா அதைக் குளிர்ப்பெட்டிக்கு மேலே ஏற்றிவிட்டா. தேங்காய் குந்தியிருந்தால் தண்ணீரின் முகம் தெரிந்திருக்காது. ஆரபியும் பேசாமல் போனை நோண்டிக்கொண்டு இருந்திருப்பாள்.

முதலில் உறுமல் வந்தது. காலடியில் பெரிய லொறி ஒன்று போகிற மாதிரி, பிறகு கீழ்வீட்டில் யாரோ கதவை அடித்துச் சாத்தின மாதிரி ஒரு மொத்தல். குடத்துத் தண்ணீரில் வளையம் வளையமாய் ஓடி அடங்கியது, சுவர்ப்பக்கம் ஒரு துளி வழிந்து மேசைக்கு இறங்கியது. ஒன்று தசம் எட்டு, என்றாள் ஆரபி தனக்குள். போனைத் திறந்து காத்திருந்தாள். இது அவளுக்குப் பழகின விளையாட்டு, நடுக்கத்தின் அளவைப் போன் சொல்ல முதல் உடம்பு சொல்லவேண்டும். ஒன்று தசம் ஒன்பது. கிட்டத்தட்ட. நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது, வெட்கமில்லாமல் துள்ளியது. அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது: "தூர." அப்பா எப்பவும் இப்படித்தான். ஷெல் குத்துகிற சத்தத்துக்கும் வந்து விழுகிற சத்தத்துக்கும் நடுவில் எண்ணிப் பழகின ஆள், நிலநடுக்கத்தையும் எண்ணுவார். போன கிழமைப் பெரியது அடித்தபோது எல்லாரும் மேசைக்குக் கீழே புகுந்தார்கள், அப்பா மட்டும் நடு ஹோலில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார், மேலே மின்விளக்கு ஊஞ்சல் ஆடுது. "அப்பா, இது மேலயிருந்து வாறேல்லை, கீழயிருந்து வாறது" என்று ஆரபி மேசைக்குக் கீழிருந்து கத்தினாள். எழும்பித் தூசு தட்டியபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆரபிக்கும் சிரிப்பு. அம்மா மட்டும் ஒருவருக்கும் சோறு போடாமல் அன்று பின்னேரம் முழுக்கச் சாமிப்படத்துக்கு முன்னால் இருந்தா.

நேப்பிள்ஸுக்குப் பக்கத்துப் பொட்சுவோலியில் பிறந்து வளர்ந்த பதினெட்டு வருசத்தில் ஆரபிக்கு உருப்படியாய்ப் பிடிபட்ட ஒரே பாடம் இந்த நிலம்தான். ரயிலில் வந்து இறங்குகிற ஆட்கள் எரிமலை எங்கே எரிமலை எங்கே என்று கழுத்தை நீட்டுவார்கள். மலையே இல்லை. சட்டிக்குள் நின்றுகொண்டு சட்டியைத் தேடுகிற கதை. ஒரு காலத்தில் வெடித்து, உள்ளே அமிழ்ந்து, அகலச் சட்டியாய்ப் போன எரிமலை. துறைமுகம், தண்டவாளம், அப்பா மீன் வெட்டுகிற சந்தை, அம்மா துப்புரவுக்குப் போகிற மூன்று வீடு, எல்லாம் அந்தச் சட்டியின் அடியில். அடி வீங்கிக்கொண்டு வருகிறது, மாதத்துக்கு ஒரு விரற்கடை, சில மாதம் கூட, சில மாதம் குறைய. ஊர் எழும்ப எழும்பக் கடல் விலகிப் போகிறது. அவள் சின்னதில் குதித்து நீந்தின இடத்தில் இப்ப வள்ளங்கள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன, கயிறு மட்டும் ஒழுங்காய்க் கட்டியபடி. சந்தைக்குக் கிட்ட மூன்று பழைய சலவைக்கல் தூண் நிற்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே கடற்சிப்பி துளைத்த ஓட்டைகள், கறுத்த பட்டை மாதிரி. தரையில் நிற்கிற தூணில் சிப்பி எப்படி ஏறினது? ஏறவில்லை. தூண்தான் நின்ற நிலையிலேயே கடலுக்குள் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி வந்திருக்கிறது. புவியியல் வகுப்பில் அதைக் கேட்ட அன்று மட்டும் ஆரபி நித்திரை கொள்ளவில்லை. மற்ற நாள் எல்லாம் நித்திரை. ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாய் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லி அலுத்துவிட்டாள். கதிரையில் ஐந்து மணித்தியாலம் இருக்கேலாது, அவ்வளவுதான். கீழே நிலமே இருக்கேலாமல் எழும்புகிறது, அவள் மட்டும் ஏன் இருக்கவேண்டும். இந்தக் கதையை வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் அம்மாவின் அகப்பைதான் பதில் சொல்லும்.

இதைவிடச் சொல்ல முடியாத இன்னொன்றும் இருக்கிறது. அவளுக்கு இந்த நடுக்கம் பிடித்திருக்கிறது. மற்றவர்கள் சிலுவை போட்டுக்கொள்ளும்போது அவளுக்கு உடம்பு முழுக்கப் பச்சைமிளகாய் கடித்த மாதிரி ஒரு விறுவிறுப்பு. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு தசம், என்று மனம் கேட்கும். கேட்டுவிட்டு வெட்கப்படும், வெட்கப்பட்டுவிட்டுத் திரும்பக் கேட்கும். ஹோட்டலில் படுக்கைவிரிப்பு மடிக்கிற வேலையும் சனம் வராமல் நின்றுபோன பிறகு, ஒரு நாளில் நடக்கிற ஒரே சங்கதி இதுதான். சரி, குடம். குடத்தில்தான் ஏதோ நெளிவு இருக்கவேணும். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்து, குடத்தை அரை வட்டம் திருப்பினாள். தண்ணீர் குலுங்கி, கொஞ்சம் சிந்தி, அமைந்தது. திரும்பவும் சுவர்ப்பக்கம்தான் வீக்கம், கதவுப்பக்கம்தான் காய்ந்த பித்தளை. குடத்தில் பிழை இல்லை. அப்ப மேசை. குடத்தைத் தூக்கித் தரையில் வைத்தாள். குந்தியிருந்து, முழங்காலில் நின்று, கடைசியில் கன்னத்தைத் தரை ஓட்டில் வைத்துப் படுத்துப் பார்த்தாள். சுவர்ப்பக்கம். மேசையிலும் பிழை இல்லை. போன சித்திரை வருசப்பிறப்புக்கு இதே இடத்தில் இதே குடத்தை அவள்தான் நிரப்பினாள், சுற்றிவர ஒரே மட்டமாய் விளிம்பைத் தொட்டு நின்றது, அம்மாகூட "பாத்தியே, கண்ணாடி மாதிரி" என்றா. அப்ப தரை. தரை போயிருக்கிறது. ஆரபிக்குக் காது சூடேறியது. ஊர் முழுக்கச் செயற்கைக்கோள், கம்பி, கடலுக்கு அடியில் கருவி என்று வைத்து அளக்கிறார்கள், அவள் ஒரு பித்தளைக் குடத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். இதுவரைக்கும் வாழ்க்கையில் எதையும் இவ்வளவு சரியாய்க் கண்டுபிடித்ததில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடி அடுப்புக்குக் கிட்டத் தரையில் வைத்தாள். அங்கே மட்டம். வாசலுக்குக் கிட்ட மட்டம். திரும்ப ஹோலுக்கு வந்து, ஒவ்வொரு எட்டுக்கும் வைத்து வைத்துப் பார்த்தாள். அறைச்சுவரை நெருங்க நெருங்கச் சரிவு கூடுகிறது. சுவரடியில் வைத்தபோது தண்ணீர் யோசிக்கவேயில்லை, நேரே வழிந்து ஓட்டு இடுக்கால் ஓடிச் சுவரின் காலைத் தொட்டது.

அந்தச் சுவர். ஆரபி ஈரத் தரையில் அப்படியே குந்தியிருந்தாள். அந்தச் சுவருக்கு அங்காலேதான் அப்பா அம்மாவின் கட்டில். அந்தச் சுவரில்தான் தலைமாடு. அறைப்பக்கம் நல்லூர்க் கந்தன் கலண்டர் தொங்குகிறது, கலண்டருக்குப் பின்னால் கூரையிலிருந்து தரைவரைக்கும் ஒரு வெடிப்பு, வசந்தகாலத்து நடுக்கத்தில் வந்தது. அப்பா அதைப் பசை போட்டு அடைத்து வெள்ளை அடித்தார். திறந்தது. திரும்ப அடைத்தார். திறந்தது. நாலு நாளுக்கு முன்னம் மூன்றாம் தரம் அடைத்து அடித்துவிட்டுக் கலண்டரைக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டினார். அப்ப அது ஒரு பகிடி மாதிரித்தான் இருந்தது, அப்பாவும் சுவரும் சண்டை பிடிக்கிறார்கள், பார்ப்பம் யார் வெல்லுகிறது என்று. இப்ப குடம் சொல்லுகிறது. தலைமாடு. நினைப்பு அந்த இடத்தில் போய்ச் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அம்மா வலப்பக்கம் படுப்பா, அப்பா இடப்பக்கம், இரண்டு தலையணை, சுவர். சுவர், இரண்டு தலையணை. பெரியது வரட்டும் இன்னும் ஒரு தசம் வரட்டும் என்று கேட்ட மனம் எங்கே, இப்ப வாயைத் திறக்கட்டும் பார்ப்பம். திறக்கவில்லை. ஆனால் நெஞ்சு இன்னும் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, அதை நிற்பாட்டத் தெரியவில்லை. கண்டுபிடித்த துள்ளலும் பயத்துள்ளலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது, எது எது என்று பிரிக்க யாருக்கு நேரம் இருக்கு. மூன்று பதினெட்டு.

"ஏன்டி தண்ணியைச் சிந்தினாய்?" அம்மா செம்போடு வந்து நின்றா, சேலை உடுத்து, எஞ்சினியருக்காகப் பொட்டும் பெரிதாய் வைத்து. குடத்தைப் பிடுங்கி மேசையில் வைத்து, காய்ந்த பக்கத்தைப் பார்த்து ஊற்றினா. ஊற்ற ஊற்ற மற்றப் பக்கத்தால் வழிந்தது. "மேசையை ஆட்டாத." "நான் ஆட்டேல்லை." "அப்ப ஆர் ஆட்டினது?" "ஊர் ஆட்டுது. அம்மா, வீடு சரிஞ்சிட்டுது. அந்தச் சுவர்ப்பக்கம். குடத்தைப் பாருங்கோ." அம்மா குடத்தைப் பார்க்கவில்லை, சாமிப்படத்தைப் பார்த்தா. பிறகு அறைப்பக்கம் திரும்பி, "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டா. அப்பா வந்தார், யோகலிங்கம், ஐம்பத்தாறு வயது, மீன் வாசம் போகாத கை. குனிந்து குடத்தை ஒரு தரம் பார்த்தார். ஒரு தரம்தான். அவருக்கு விளங்கிவிட்டது என்று ஆரபிக்கு விளங்கியது. சுப்பர்மார்க்கெற் விளம்பரத்தாள் ஒன்றை எடுத்து நாலாய் மடித்தார், எட்டாய் மடித்தார், சுவர்ப்பக்கத்து மேசைக்கால் இரண்டுக்கும் கீழே செருகினார். தண்ணீர் மெல்ல நகர்ந்து, சுற்றிவர ஒரே மட்டமாய் விளிம்பைத் தொட்டு நின்றது. வடிவாய்த்தான் இருந்தது. "இப்ப சரி" என்றார். "சரியில்லையப்பா. மேசைதான் சரி." "ஆரபி." "சுவர் உங்கட தலையில விழும்." "பன்ரண்டு தரம் இடம்பெயர்ந்தனான்" என்றார் அப்பா, சத்தம் வைக்காமல். "கொக்குவிலாலை வெளிக்கிட்டுச் சாவகச்சேரி, கிளிநொச்சி, மல்லாவி, மடு, நடுவில பேர் தெரியாத காடு. பன்ரண்டு வீடு. இது என்ர பதின்மூண்டாவது வீடு, இதை விட்டிட்டுப் போகமாட்டன். வாறவர் கேக்கிறதை நீ எங்களுக்குச் சொல்லு. நாங்கள் சொல்லுறதை அவருக்குச் சொல்லு. அதுக்கு மேல ஒண்டும் வேண்டாம்."

அதுதான் அவளுடைய வேலை, எட்டு வயதிலிருந்து. ஆஸ்பத்திரியில், தபால்கந்தோரில், பொலிசில், எங்கே போனாலும் இரண்டு பெரிய ஆட்களுக்கு நடுவில் நின்று இந்தப் பக்கம் தமிழ் அந்தப் பக்கம் இத்தாலியன். ஒரே ஒரு தரம் பொய்யாய்ச் சொல்லியிருக்கிறாள், அதுவும் தனக்காக. வகுப்பாசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, இவள் இப்படியே போனால் இந்த வருசம் நிச்சயம் பெயில் என்றா. ஆரபி திரும்பி, "கெட்டிக்காரியாம், கொஞ்சம் கதை கூடவாம்" என்றாள். அம்மா ஆசிரியையின் கையைப் பிடித்து நன்றி சொன்னா, ஆசிரியை குழம்பிப்போய்ச் சிரித்தா. மூன்று மாதம் கழித்து முடிவு வந்தபோது அம்மா அழவில்லை, அந்த நன்றியை மட்டும் நினைத்து நினைத்துச் சொன்னா. "விசரி மாதிரி நிண்டு தாங்ஸ் சொன்னனே பிள்ளை, மூளை பிசகின விசரி மாதிரி." அந்தச் சொல் இன்னும் காதுக்குள் இருக்கிறது. இனிப் பொய்யாய்ச் சொல்வதில்லை என்று அன்று நினைத்தது சத்தியம் ஒன்றும் இல்லை, திரும்ப அந்த முகத்தைப் பார்க்க ஏலாது, அதுதான். ஆனால் இன்றைக்கு உண்மையைச் சொன்னால் அப்பாவின் முகத்தைப் பார்க்கவேணும். எந்த முகம் பரவாயில்லை? சொன்னால் பதின்மூன்றாம் தரம். சொல்லாவிட்டால் தலைமாடு. பன்ரண்டு, பதின்மூன்று, தலையணை இரண்டு, மூன்று இருபத்தாறு, மூன்று இருபத்தேழு, கீழே வாசல் மணி.

எஞ்சினியராய் வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும், முழங்கால்வரை சுண்ணாம்புத் தூசு, கக்கத்தில் தலைக்கவசம், நெஞ்சு அட்டையில் ரொசான்னா என்று பேர். "இண்டைக்கு இது எத்தினையாவது வீடு?" என்று ஆரபி இத்தாலியனில் கேட்டாள், வாயைச் சும்மா வைத்திருக்க முடியாமல். "பதினொன்று. படிக்கட்டைத்தான் எண்ணவில்லை" என்றா அந்தப் பெண். பிறகு குடத்தைக் கண்டு நின்றா. என்ன இது என்றா. "வாற ஆளை மதிச்சு வைக்கிறது. உங்களுக்குத்தான்." ரொசான்னாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, குடத்தைப் பார்த்து மெல்லத் தலையைக் குனிந்தா. அம்மாவுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. பிறகு வேலை. குசினியைத் தட்டினா, ஹோலைத் தட்டினா, யன்னல் நிலையைத் தடவினா, தாளில் குறித்தா. அப்பா பின்னாலேயே போனார், சந்தையில் வாங்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி அவவின் கையைப் பார்த்துக்கொண்டு. அறை. கட்டில். கலண்டர். ரொசான்னா கூரையைப் பார்த்தா, மூக்கை உறிஞ்சினா, பெயின்ற் மணம். கிட்டடியில் வெள்ளை அடித்தீர்களா என்று கேட்டா. ஆரபி தமிழில் சொன்னாள். "பழைய பெயின்ற் எண்டு சொல்லு" என்றார் அப்பா. அம்மாவின் பொட்டு. இரண்டு தலையணை, உறையெல்லாம் புதிதாய்த் தோய்த்துப் போட்டிருக்கிறா, எஞ்சினியர் வருகிறார் என்று தலையணை உறை தோய்க்கிற மனிசி. ஆரபி வாயைத் திறந்தாள். வந்தது இத்தாலியன், வேகமாய், நடுங்காமல்: "பழையது என்று சொல்லச் சொல்லுகிறார். நாலு நாளுக்கு முன்னம் அடித்தது. மூன்றாம் தரம். வெடிப்பு அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. தரை இந்தப் பக்கம் சரிந்துவிட்டது, மேசைக்குக் கீழே கடுதாசி வைத்திருக்கிறோம், எடுத்துவிட்டுக் குடத்தைப் பாருங்கள்."

ரொசான்னா ஒருவரையும் பார்க்கவில்லை. கலண்டரைக் கழற்றிக் கட்டிலில் வைத்தா, கவிழ்த்து வைக்காமல் முகம் மேலே இருக்கும்படி. சுவரில் உள்ளங்கையை வைத்தா, மட்டம் பார்க்கிற கருவியை வைத்தா, கீழே, நடுவில், மேலே. புதுப் பூச்சுக்கு நடுவால் மயிர்க்கோடு ஒன்று ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. கட்டிலைச் சுற்றி வந்து ஆரபிக்குக் கிட்ட நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னா. இன்றைக்கு இங்கே படுக்கக் கூடாது. இன்றைக்கு மட்டுமில்லை. அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, அந்தக் குரலைத் தாழ்த்தின விதமே காணும், அதைப் பல இடத்தில் கேட்டிருக்கிறார். இருந்தாலும் ஆரபி சொன்னாள். அவருடைய கண்ணைப் பார்த்துச் சொன்னாள், தான் சொன்னதையும் சேர்த்து, ஒன்றும் விடாமல். அம்மா வாயைச் சேலைத்தலைப்பால் பொத்தினா. ஆரபி அப்பாவின் அடிக்குக் காத்திருந்தாள், கத்தலுக்காவது காத்திருந்தாள். "கேள்" என்றார் கடைசியில். "எத்தினை நாளுக்கெண்டு கேள்." ஆரபி கேட்டாள். ரொசான்னா தாளைப் பார்த்தா, யன்னலால் வெளியே பார்த்தா, பிறகு அப்பாவை நேராய்ப் பார்த்துத் தலையை இடம் வலமாய் ஆட்டி இத்தாலியனில் இரண்டு வசனம் சொன்னா. "தெரியாதாம்" என்றாள் ஆரபி. "தெரியாதெண்டோ சொன்னவ?" "ஓம். நிலம் எழும்புறது எப்ப நிக்குமெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம்." அப்பாவின் தோள் இறங்கியது. "பன்ரண்டு தரமும் மூண்டு நாளெண்டுதான் சொன்னவங்கள். மூண்டு நாளையால திரும்பி வரலாமெண்டு. சோத்துப்பானையை அடுப்பில விட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள். இந்தப் பிள்ளை உண்மை சொல்லுது" என்றார். எந்தப் பிள்ளை என்று ஆரபி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா வேறு ஆள். அவள் பார்த்தேயிராத ஆள். "வாணி," என்றார் அம்மாவிடம், "அடுப்புக் காஸைப் பூட்டு. பாஸ்போட், விசாக்காட், எல்லாம் ஒரு பையில, பை உன்ர நெஞ்சோட. நகையைப் பிறகு பாப்பம். அரிசி ரெண்டு கிலோ, உப்பு. சாமிப்படம் ஒண்டு காணும், சின்னன்." கை ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஒரு சொல் கூடக் குறைய இல்லை, பதினெட்டு வருசமாய்ச் சந்தைக்கும் சோபாவுக்கும் நடுவில் அலைந்த மனிசனுக்குள் இவ்வளவு காலமும் இது மடித்து வைத்திருந்திருக்கிறது. அழுகை வந்தாலும் அம்மாவும் அந்த வேகத்துக்கு ஓடினா, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடிக்காமல், முன்னமே பழகி வைத்த மாதிரி. ஆரபி வாசலுக்கு ஓடிக் காலைச் செருப்புக்குள் விட்டாள். "செருப்பை விடு, அது அறுந்துபோம்" என்றார் அப்பா அங்கிருந்தே. "சப்பாத்தைப் போடு." சப்பாத்தைப் போட்டாள். இடதுகால் நூல் கட்டுப்படவில்லை, விரல் இரண்டு தரம் பிழைத்தது. அப்பா வந்து முழங்காலில் குந்தி, அவளுடைய கையைத் தட்டிவிட்டு, தானே இழுத்துக் கட்டினார், ஒரு முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சு. "ஓடவேண்டி வந்தா அவிழக்கூடாது" என்றார்.